உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸில் யூஎஸ்பி வைஃபை

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. திருச்சி தில்லை நகரிலோ ஸ்ரீரங்கத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று தூங்கினால், வைஃபை போய்விட்டது என்பதற்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கட்டைவிரல் அளவு யூஎஸ்பி அடாப்டர் போதும், அதற்கு மறுவாழ்வு கிடைத்துவிடும்.

அடாப்டர் வாங்கும்போது டப்பாவில் உள்ள பெயரை நம்பக் கூடாது. டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் மாடலின் முதல் பதிப்பில் ஏதெராஸ் 9271 சிப் இருந்தது. லினக்ஸில் செருகினாலே ஓடும் சிப் அது. அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் மூலநிரலைக்கூட 2013-இல் வெளியிட்டுவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் பெயர் அதேதான், சிப் மட்டும் ரியல்டெக் 8188 ஆகிவிட்டது. பழைய டிரைவர் அதற்குப் பொருந்தாது. பெயர் மாறாமல் உள்ளே இருப்பதை மாற்றுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

அப்படியானால் உள்ளே என்ன சிப் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையைக் கொடுங்கள். நடுவில் புள்ளிகளோடு ஓர் அடையாள எண் வரும். அதன் முன்பாதி நிறுவனத்தையும் பின்பாதி பொருளையும் காட்டும். 148எஃப்:7601 என்று வந்தால் மீடியாடெக் 7601. அதன் டிரைவர் 2015-இல் வந்த 4.2 கர்னலிலிருந்தே லினக்ஸோடு சேர்ந்து வருகிறது. இனி உதவி தேடும்போது மாடல் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைச் சொல்லித் தேடுங்கள்.

ரியல்டெக் அடாப்டர் சில சமயம் 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டும். பழுது என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் டிரைவரைச் சுமந்துகொண்டு அது தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்கிறது. ‘யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ நிரல் அதை வைஃபையாக மாற்றிவிடும்.

டிரைவர் இருந்தும் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்பு இருக்காது. ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளை அந்தக் கோப்பின் பெயரையே சொல்லிவிடும். டெபியன்காரர்கள் 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

வைஃபையே இல்லாதபோது அந்தக் கோப்பை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

அடாப்டர் ஓடியும் வீட்டு வைஃபை தெரியாமல் போகலாம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் உண்டு, அமெரிக்காவில் 11 வரைதான் வழக்கம். அடாப்டர் அமெரிக்க அமைப்பில் நின்றுவிட்டால், 12, 13-இல் இருக்கும் உங்கள் வீட்டு ரூட்டர் அதன் கண்ணில் படாது. அடுக்குமாடிகள் நெருங்கிய தில்லை நகர் கிராஸ்களில் பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் தெரிந்து நம்முடையது மட்டும் தெரியாவிட்டால், முதலில் இதைப் பாருங்கள். நாட்டுக் குறியீட்டை ‘ஐஎன்’ ஆக்கிப் பாருங்கள், அல்லது ரூட்டரை 1, 6, 11-இல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012-இலேயே எழுதிவைத்தது. அதனால் யூஎஸ்பி 3.0 வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் அடாப்டரைச் செருகாதீர்கள். குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.