நனைந்தாலும் விடாத பிடி

காயல் நீர் உப்பேறும் கோடை மாதங்களில், வேற்றம் வடிந்த நேரமாகப் பார்த்து மட்டாஞ்சேரி படகுத்துறைப் பக்கம் போனால் கண்ணில் படும்: நீருக்குள் நிற்கும் தூண்களில் கொத்துக் கொத்தாகச் சிப்பிகள். அலை அடித்தாலும் படகு உரசினாலும் அசையாதவை. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த 'சாரு' சிப்பியும் கொச்சிக் காயலில் குடியேறிவிட்டதாக 2019-ல் வெளியான ஆய்வு சொன்னது. படகின் அடியில் இந்தக் கூட்டம் ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும், டீசல் செலவு ஏறும். கரையேற்றிச் சுரண்டுவதைத் தவிர வேறு வழி?

படகுக்காரரின் தலைவலி, கல்லுமக்காய் வளர்ப்பவருக்கு வரம். கேரளத்தில் சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றில் வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி நீரில் தொங்கவிடுகிறார்கள். துணி மக்கி உதிர்வதற்குள் சிப்பிகள் தாமே நூல் விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள்கின்றன.

கடைப் பசை ஈரத்தில் தோற்பதற்குக் காரணம், பரப்பின் மேல் படிந்திருக்கும் நீர்ப் படலம். பசையை அது நெருங்கவிடாது. சிப்பியின் ஒட்டுப் புரதத்தில் 'டோபா' என்ற பொருள் இருப்பதை 1981-ல் வெளியிட்டார் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் வெய்ட். நமக்கு இது அந்நியச் சரக்கல்ல. நாட்டு மருந்துக் கடைப் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரனும் ராமசாமியும் 1937-லேயே பிரித்தெடுத்ததும், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இன்று தரப்படுவதும் இதே டோபாதான். பக்கத்திலிருக்கும் லைசின் பாறைமேல் உள்ள உப்பு அயனிகளைத் தள்ளி இடம் பிடித்துக்கொடுக்க, டோபா போய் உட்காருகிறது என்பது 2015-ல் தெரிந்தது.

சிக்கல் வேறிடத்தில். கடல்நீரில் ஆக்ஸிஜன் பட்டால் டோபா உருமாறி, பரப்பைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். சிப்பி கெட்டிக்காரி. காலைப் பாறையில் அழுத்தி, அந்தச் சிறு இடத்தை மட்டும் அமிலமாக்கிக்கொண்டு பசையை விடுகிறது. ஆய்வகப் பசைகளுக்கு இந்த வித்தை முழுதாகக் கைவரவில்லை.

சிப்பியிலிருந்தே எடுக்கலாமே என்றால், ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பிகள் வேண்டும். ஆகவே நகல்தான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜோனதன் வில்க்கர் குழு 2017-ல் காட்டிய பாலிமர், நீருக்கடியில் சிப்பியின் சொந்தப் பசையையே வலுவில் மிஞ்சியது. ரத்தம் நனைக்கும் உள்ளுறுப்புகளைத் தையலின்றி ஒட்டும் பசைக்காகப் பல ஆய்வகங்கள் முயல்கின்றன.

மருத்துவமனையை முந்திக்கொண்டது மர ஆலை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைசாங் லீ சிப்பியைப் பார்த்து சோயா மாவில் உருவாக்கிய பசை, ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக அமெரிக்க பிளைவுட்டில் புகுந்து இருபது ஆண்டுகளாகிறது. கொச்சிக்கு அருகே பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளில் இன்னமும் ஃபார்மால்டிஹைடு பிசின்தான் கொதிக்கிறது.