பட்டறைக்குப் போகுமுன்: வீட்டுக் கேரவனும் சட்டமும்

சித்தூர், திருப்பதிப் பகுதியில் சிறிய கார் ஒன்று வாய்த்த குடும்பத்தார், விடுமுறை நாட்களில் தலக்கோனா அருவிக்கோ ஹார்ஸ்லி மலைக்கோ பழவேற்காட்டு ஏரிக்கரைக்கோ புறப்படும்போது, விடுதி வாடகையையும் முன்பதிவுச் சிரமத்தையும் எண்ணிச் சலித்து, இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கத்தக்க பெட்டி ஒன்றைக் காரின் பின்னால் கட்டி இழுத்துச் சென்றால் என்ன என்று யோசிப்பது இப்போது அபூர்வமான காரியமாக இல்லை. படப்பிடிப்புத் தளங்களில் நட்சத்திரங்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் சிறு வடிவம் எட்டிப் பிடிக்கக்கூடியதாகவே தோன்றுகிறது. அமெரிக்காவில் 1930களிலேயே, நீர்த்துளி வடிவத்தில் சிறு பெட்டிகளைத் தம் கையாலேயே செய்து காரின் பின்னால் இழுத்துச் சென்ற சாமான்யர்கள் இருந்தார்கள். நம் ஊர் ஆட்டோ நகர்ப் பட்டறைகளில் டிராக்டர் டிரெய்லர் கட்டிக் கைதேர்ந்தவர்களுக்கு, ஸ்கொயர் டியூபை அறுத்து வெல்டிங் வைத்து, காயலான் கடையிலிருந்து அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் சக்கரங்களும் வாங்கிப் பூட்டி, பிளைவுட்டும் அலுமினியத் தகடும் அடித்துக் கொடுப்பது பெரிய வித்தையுமல்ல. இரும்பில் இவ்வளவு எளிதாக முடிகிற அந்த வண்டி சாலையில் இறங்கியவுடன் எத்தகைய சட்டப்பொறுப்புகளுக்கு உள்ளாகிறது என்பதைத்தான், முன்பணம் கொடுக்குமுன் ஒருவர் தீர அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

காரின் கொக்கியில் மாட்டிய பெட்டி, காரின் மேற்கூரையில் கட்டிய மூட்டையைப் போன்ற ஓர் உபகரணம்தானே என்ற நினைப்பே முதல் தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும்போது டிரெய்லரையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. எஞ்சின் இல்லாவிட்டாலும், தானாக ஓர் அங்குலம் நகரமாட்டாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் அது தனி வாகனம். ஆகவே அதற்குத் தனிப் பதிவு, தனி எண், காப்பீட்டில் தனிக் குறிப்பு எல்லாம் வேண்டும். முகாமிடும் வண்டி என்ற வகையே நம் சட்டத்துக்குத் தெரியாது என்று சொல்வாரும் உளர், அதுவும் பிழை. 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான முகாம் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத வாகனங்கள் என்ற பிரிவில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. கரும்பும் நெல்லும் ஏற்றிச் செல்லும் எத்தனையோ டிரெய்லர்கள் எண் பலகையின்றி ஓடுவதைக் காட்டி, அவற்றுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் ஏன் என்று வாதிடுவோருக்கு ஒன்று சொல்லலாம்: அவையும் சட்டத்துக்கு உட்பட்டவையே, பிடிபடாதது விலக்காகிவிடாது.

பதிவுக்கான வழியை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47ஆம் விதி சொல்கிறது. படிவம் 20இல் விண்ணப்பம், விற்பனைச் சான்றாகிய படிவம் 21, வண்டி சாலைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றோடு, டிரெய்லராக இருந்தால் அதன் வடிவமைப்பை மாநிலப் போக்குவரத்து அதிகார அமைப்போ போக்குவரத்து ஆணையரோ ஒப்புக்கொண்ட உத்தரவின் நகலும் இணைக்கப்பட வேண்டும் என்று அந்த விதி கேட்கிறது. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வடிவத்துக்கு ஒப்புதல் முந்தி, வண்டி பிந்தி. நம்மவர்களோ வண்டியைக் கட்டி, வர்ணம் பூசி, குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்த பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் வாசலை மிதிக்கிறார்கள். அங்கே படிவம் 21 எங்கே என்று கேட்டால், தன் வண்டியைத் தானே செய்துகொண்ட மனிதரிடம் விற்பனைச் சான்று எப்படி இருக்கும்?

பதிவில்லாத டிரெய்லரைச் சாலையில் இழுத்துச் சென்றால் 192ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. 207ஆம் பிரிவின்படி வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. காப்பீடு இல்லாததற்கு 196ஆம் பிரிவு தனியே 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ சொல்கிறது. டிரெய்லர் வேண்டாம், இருக்கிற வேனையே அறுத்துப் படுக்கையும் அடுப்பும் பதித்துவிடலாம் என்று போவோரை 52ஆம் பிரிவு எதிர்கொள்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பதே அதன் சாரம். கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தந்திருத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதத்தையோ, இரண்டையுமோ விதிக்கிறது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், யூடியூபில் பிரசித்தி பெற்ற சகோதரர் இருவரின் பயண வேன் இத்தகைய மாற்றங்களுக்காகக் கைப்பற்றப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்டால், முழுதும் தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம். பிரிட்டனில் 750 கிலோவுக்கு மேற்படாத சிறு டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கைக்கூடச் சட்டம் வற்புறுத்துவதில்லை. இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு மட்டும் அங்கே உண்டு. நம் நாட்டிலோ ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள், ஒற்றை வண்டியைத் தானே செய்துகொள்ளும் ஆசிரியருக்கோ அஞ்சலக ஊழியருக்கோ கதவைத் திறந்து வைக்கவில்லை. ஆயினும் சட்டம் குறையுடையது என்பதனால் ஆபத்து பொய்யாகிவிடுவதில்லை.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து எழுந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, உறங்குகிற மனிதரை விழிக்கவே விடுவதில்லை. தொழில்முறையில் கட்டப்பட்ட வண்டியிலேயே இது நேர்ந்ததென்றால், இடுக்கு வழியே குளிர் வருகிறதென்று எல்லாத் துவாரங்களையும் சிலிகான் வைத்து அடைத்து, உள்ளேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சுக்குக் காப்பி போடும் வீட்டுப் பெட்டியில் என்ன நேரும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயுவோ இன்னொரு விதம். அது காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையில் தேங்கும். மேலே ஜன்னல் வைத்தால் போதாது, தரைமட்டத்தில் துவாரம் வேண்டும். என்னைக் கேட்டால், அடுப்பு எப்போதும் பெட்டிக்கு வெளியேதான் என்று வீட்டில் ஒரு விதி செய்துகொள்வது எல்லா உபகரணங்களையும்விட மலிவு.

ஓட்டத்தில் உள்ள ஆபத்து எடை வைக்கும் முறையில் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கேனும் முன்புறக் கொக்கியின்மேல் அழுந்தியிருக்க வேண்டும். தண்ணீர்க் கேனும் பாட்டரியும் பெட்டியின் பின்பக்கம் போய்விட்டால், வேகத்தில் பெட்டி இடமும் வலமும் ஆட ஆரம்பித்துக் காரையே திருப்பிவிடும். கொக்கி கழன்றால் தாங்குவதற்குக் குறுக்காகப் பூட்டிய சங்கிலிகள் இரண்டு, காரின் விளக்குகளோடு சேர்ந்து எரியும் பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் சைகை விளக்கு, பிரதிபலிக்கும் சிவப்புப் பட்டை ஆகியவை அலங்காரமல்ல. திருமலைக்கு 1944இல் திறந்த முதல் மலைப்பாதையும் 1974இல் வந்த இரண்டாம் பாதையும் கொண்டை ஊசி வளைவுகளால் ஆனவை. வளைவில் டிரெய்லர் காரின் தடத்தைவிட்டு உட்புறமாக ஒதுங்கிச் செல்லும் என்பதையும், நீண்ட இறக்கத்தில் காரின் பிரேக்கே பெட்டியின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து சூடேறும் என்பதையும் நினைத்தால், டிரெய்லரை அங்கே இழுத்துச் செல்லும் யோசனையைக் கைவிடுவதே விவேகம். கீழே நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்தில் ஏறி ஏழுமலையானைச் சேவிப்பதால் புண்ணியம் குறைந்துவிடாது.

எங்கே நிறுத்துவது என்பதும் சட்டக்கேள்வியே. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட வனம். சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றிப் புகுவதையும் நெருப்பு மூட்டுவதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்கு இரையான துயரத்தை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். அரை அங்குல பிளைவுட்டை நம்பிக் காட்டோரத்தில் இராத் தங்குவது தைரியமல்ல.

இனிப் பரிகாரங்களைப் பார்ப்போம். காசு வாங்கிக்கொண்டு வண்டி கட்டித் தரும் பட்டறையின் வேலை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. வெல்டிங் விட்டுப்போனாலோ, புதிது என்று சொல்லிப் பழைய அச்சைப் பூட்டினாலோ, பதிவு வாங்கித் தருகிறேன் என்று வாக்களித்துப் பணம் பெற்றபின் கைவிரித்தாலோ, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. ஆனால் இந்த உரிமை முழுவதும் ஒரு துண்டுக் காகிதத்தில் தொங்குகிறது. பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று பட்டறைக்காரர் சொல்லும்போது, அவர் விற்பது தள்ளுபடியை அல்ல, நம்முடைய வழக்கை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் ஆலோசனை கேட்பது நல்லது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாய்மொழியாக முடியாது என்று சொல்லி அனுப்பினால் அதோடு திரும்பிவிட வேண்டியதில்லை. பதிவை மறுத்தால் காரணங்களோடு கூடிய உத்தரவின் நகலை விண்ணப்பதாரருக்குத் தரவேண்டும் என்று 45ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அந்த உத்தரவின்மேல் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 57ஆம் பிரிவு வழிவிடுகிறது. எந்த அளவுள்ள டிரெய்லருக்கு எந்த அதிகாரி ஒப்புதல் தருவார் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். முப்பது நாட்களில் பதில் தரவேண்டும். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு: மனு தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர எல்லா நியாயமான உதவியும் செய்வது தகவல் அதிகாரியின் கடமை என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவே சொல்வதைத் தயங்காமல் நினைவூட்டலாம்.

விபத்து நேர்ந்துவிட்டாலோ, காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வி, இழுத்துச் சென்ற டிரெய்லர் பாலிசியில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதே. இல்லையென்றால் அடிபட்டவருக்குரிய நஷ்டஈடு, வண்டிக்காரரின் வீட்டையும் நிலத்தையும் தேடி வரலாம். அடிபட்டவர் பக்கம் நின்று சொல்வதானால், 166ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய இப்போது ஆறு மாதமே அவகாசம். தாம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே செய்யலாம். வக்கீல் வைக்க வசதியற்றோர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, சொற்பச் செலவில் முகாம் போக வழியே இல்லையா என்றால், உண்டு. படிவம் 21, 22 ஆகியவற்றோடு ஒப்புதல் பெற்ற வெறும் டிரெய்லரைத் தயாரிப்பாளரிடம் வாங்கி, மேலே அமைக்கும் கூண்டின் வரைபடத்தை ஆர்.டி.ஓ.விடம் காட்டி எழுத்தில் சம்மதம் பெற்ற பின் தச்சு வேலையைத் தொடங்குவது ஒன்று. அதைவிட மலிவானது, காரின் பின்னிருக்கையை மடக்கி, அதன்மேல் கழற்றி மாட்டத்தக்க பலகையைப் போட்டு மெத்தை விரிப்பது. எதையும் அறுக்காமல், இருக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், திரும்பி வந்ததும் பலகையைப் பரணில் ஏற்றிவிட்டால் வண்டியின் அமைப்பு மாறியதாகாது. அதனோடு ஒரு நல்ல கூடாரம் சேர்ந்தால் நான்கு பேர் உறங்கலாம்.

டிரெய்லர்தான் வேண்டும் என்று மனத்தை உறுதி செய்தவர்கள், முதலில் ஒரு வெள்ளைத்தாளில் நீள அகல உயரமும் எடையும் குறித்துப் படம் வரைந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எழுத்தில் பதில் வரும்வரை பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.