நள்ளிரவுச் சோறு உடம்பில் என்ன செய்கிறது?

ரயில்வே, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, ஓட்டல், வாட்ச்மேன் வேலை என்று மும்பையில் இரவு கண்விழிக்கும் தமிழர்கள் ஏராளம். எங்கள் பார்சல் ஆபீசிலும் 2 மணிவாக்கில் டிபன் கேரியர் திறக்கும் சத்தம் கேட்கும். பசிக்கிறது, சாப்பிடுகிறோம். அதே சோற்றைப் பகலில் சாப்பிட்டால் என்ன, இரவில் சாப்பிட்டால் என்ன என்பதுதான் நம் எண்ணம்.

இரண்டும் ஒன்றல்ல என்கிறார் டாக்டர் பிராங்க் ஷீர். நெதர்லாந்து நாட்டுக்காரரான இவர், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும்கூட.

இரண்டு டைம்டேபிள்

நம் மூளையின் அடிப்பகுதியில் அரிசி அளவில் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது மணி பார்க்கிறது. கல்லீரலுக்கும் கணையத்துக்கும்கூடத் தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாடு வரும் நேரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பிக்கொள்கின்றன. நள்ளிரவில் சாப்பிட்டால் மூளை 'இரவு' என்கிறது, கல்லீரல் 'பகல்' என்கிறது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு டைம்டேபிள்!

2009-ல் ஷீர் குழுவினர் 10 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, அவர்களுடைய நாளை 28 மணி நேரமாக நீட்டினார்கள். தூக்கமும் சாப்பாடும் மெல்ல மெல்லத் தலைகீழாயின. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு குறைந்தது. சோதிக்கப்பட்ட 8 பேரில் 3 பேருக்குச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை, நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு இருப்பதுபோல் இருந்தது. இத்தனையும் சில நாட்களில்.

தட்டு வைத்த நேரம்

நமக்கு முக்கியமானது 2021-ல் வந்த ஆய்வு. சாரா செல்லப்பாவும் ஷீரும் சேர்ந்து செய்தது. உடல்நலமுள்ள 19 இளைஞர்களும் பெண்களும் 14 நாட்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்து, இரவு ஷிப்ட் போலவே கண்விழித்தார்கள். ஒரு சாரார் இரவிலும் சாப்பிட்டார்கள். மற்றவர்களும் அதேபோல் விழித்திருந்தார்கள், ஆனால் பகலில் மட்டுமே சாப்பிட்டார்கள். முதல் சாராருக்கு ரத்தச் சர்க்கரை சராசரி 6.4 சதவீதம் கூடியது. இரண்டாவது சாராருக்குச் சொல்லும்படியாக ஏறவில்லை.

எடை விஷயத்துக்கு வருவோம். ஸ்பெயினில் எடை குறைக்க முயன்ற 420 பேரைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியானது. ஷீரும் அதில் பங்கு கொண்டவர். மதிய உணவை 3 மணிக்குப் பின் சாப்பிட்டவர்களுக்கு, முன்னால் சாப்பிட்டவர்களைவிட எடை குறைவாகவே இறங்கியது. சாப்பாட்டின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. 2022-ல் ஷீர் குழுவினர் பருமனான 16 பேருக்கு அதே உணவை 4 மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, உடம்பு எரிக்கும் சக்தி குறைந்தது.

இதை வைத்து, 'நேரம் பார்த்தால் போதும், எவ்வளவும் தின்னலாம்' என்று கிளம்பிவிடக் கூடாது. சீனாவில் குவாங்சௌ நகரில் 139 பேரை ஓராண்டு கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள். பாதிப் பேர் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் மட்டுமே சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சராசரி 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் இறங்கின. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதே கணக்கு சொன்ன முடிவு.

மூட்டை தூக்குபவர்?

ஆய்வுக்கூடத்தில் விழித்திருப்பது வேறு, பிளாட்பாரத்தில் மூட்டை தூக்குவது வேறு. இரவு முழுக்கப் பட்டினி கிட என்று அவரிடம் யார் சொல்வது? டூட்டிக்குக் கிளம்பும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுச்சாமத்தில் கொஞ்சமாக நிறுத்திக்கொள்வது நடக்கிற காரியம் என்று எனக்குப் படுகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

உண்மையான ஷிப்ட் ஊழியர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். ஒரிசாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் சச்சிதானந்த பாண்டாவின் குழு, சான்டியாகோ நகரத்துத் தீயணைப்புப் படையில் 24 மணி நேர ஷிப்ட் பார்க்கும் 137 பேரைச் சேர்த்தது. அவர்களில் ஒரு பகுதியினர் 12 வாரம் தினமும் 10 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. வேலைக்கு இடைஞ்சல் இல்லை. ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடுதலாக இருந்தவர்களுக்கு அது இறங்கியிருந்தது.