உப்பும் ஒரு கல்யாண பந்தம்தான்!

"டாக்டரய்யா, எங்க வீட்டு போர் தண்ணி ஒரே உப்பு. நல்லா கொதிக்க வச்சுக் குடிச்சா உப்பு போயிடுமில்லே?"

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போகாது! ஏன் போகாது என்பதற்குக் கொஞ்சம் ரசாயனம் தெரிய வேண்டும். பயப்படாதீர்கள்... பரீட்சையெல்லாம் வைக்க மாட்டேன்.

கொடுத்து வாங்கும் பந்தம்

எந்தப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் உண்டு. வெளிச்சுற்றில் எட்டு இருந்தால் பெரும்பாலான அணுக்களுக்கு நிம்மதி. சோடியத்தின் வெளிச்சுற்றில் இருப்பது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்துவிட்டால் அதற்கு நிம்மதி. குளோரினிடம் ஏழு, ஒன்று கிடைத்தால் நிறைவு. பொருத்தம் அமைந்துவிட்டது! கொடுத்தது பிளஸ், வாங்கியது மைனஸ். ஒன்றையொன்று இழுத்துக் கட்டிக்கொள்கின்றன. இதுதான் அயனிப் பிணைப்பு.

தனித்தனியாக இவர்கள் சாதுக்கள் அல்ல. சோடியம், தண்ணீர் பட்டாலே சீறித் தீப்பிடிக்கும். குளோரினை 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் விஷவாயுவாகவே பயன்படுத்தினார்கள். இரண்டும் சேர்ந்தால்? நம் சாம்பாரில் போடுகிற உப்பு! ஒரு பொருளின் குணம், அதற்குள் இருக்கிற அணுக்கள் எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சித்த மருத்துவத்திலும் இது உண்டு. ஓடித் திரிகிற ரசம் கந்தகத்தோடு சேர்ந்தால் ஓட்டம் அடங்கி லிங்கமாகிறது. கட்டுண்டு விட்டதே என்று அலட்சியம் கூடாது. முறையாகப் படித்த வைத்தியர் தராத ரச மருந்தைத் தொடாதீர்கள்.

கூட்டுக் குடும்ப பந்தம்

தண்ணீரின் கதை வேறு. ஒரு ஆக்ஸிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் எலெக்ட்ரானைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இது சகப்பிணைப்பு. அடுப்பில் கொதிக்கும்போது இந்தக் கட்டு அறுவதில்லை. ஒரு நீர் மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலுள்ள லேசான கைகோர்ப்பு மட்டுமே விடுபட்டு, தண்ணீர் ஆவியாகப் போகிறது. உப்பு பறக்குமா? பாத்திரத்திலேயே தங்கிவிடும். தண்ணீர் வற்ற வற்றக் கரிப்புதான் கூடும். உப்பளத்தில் வெயில் செய்வதும் இதே வேலைதான். ஆக, காய்ச்சுவது கிருமிக்கு மருந்து, உப்புக்கு அல்ல.

காட்டுப்பள்ளியில் 2010ல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு அமைக்கப்பட்டது. அங்கே கொதிக்க வைக்கவில்லை. கடுமையான அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வுக்குள் தள்ளினார்கள். நீர் மூலக்கூறு நுழைந்துவிடும், உப்பின் அயனிகளில் பெரும்பகுதி வெளியே நிற்கும். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலும் இதே தத்துவம்தான்.

பிரஷர்காரர்களே, கவனியுங்கள்! பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரிக்கிற தண்ணீரில் சமைத்தால் அதுவும் கணக்கில் சேரும். "நான் இந்துப்புதானே போடுறேன்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

நள்ளிரவில் வந்த வாயு

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் அத்தனை ஆசை. கண், மூக்கு, தொண்டை... ஈரம் எங்கே இருந்தாலும் கரைந்து காரமாக மாறித் திசுவை அரிக்கும். அந்த ஆசையையே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வாயு வருகிற பாதையை விட்டு உடனே விலகுங்கள். ஈரத்துணியில் கொஞ்சம் அமோனியா தங்கிவிடும். ஆனால் அதை நம்பி அங்கேயே நிற்கக் கூடாது. கண்ணைச் சாதாரணத் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். உடுப்பை மாற்றிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர், எண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் கஷாயம் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உங்கள் பாத்ரூமிலும்...

தொழிற்சாலை இல்லாத ஊரில் இருக்கிறோம் என்று நிம்மதியா? பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே, "இன்னும் பளிச்னு ஆகட்டும்" என்று ஆசிட் ஊற்றுகிற இல்லத்தரசிகள் உண்டு. வேண்டாம் அம்மா! பிளீச்சிங் பவுடரில் கட்டுண்டு கிடந்த குளோரின், ஆசிட் பட்டதும் வாயுவாகப் பிரிந்து வரும். போர்க்களத்தில் வீசிய அதே வாயு, கதவடைத்த பாத்ரூமில்! அமோனியா கலந்த கிளீனரோடு பிளீச்சிங்கைச் சேர்த்தாலும் வேறொரு நச்சு வாயு கிளம்பும். இருமல், எரிச்சல் தெரிந்தால் அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஆஸ்துமாக்காரர்கள் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் டப்பாவையும் வேறு வேறு இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஜோடியைப் பிரித்து வையுங்கள் என்று நான் சொல்வது இந்த ஒரு விஷயத்தில்தான்!