தலைவிதி அல்ல, தலைக்குள்ளே நோய்!

கொல்லிமலை! வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் எட்டும் மலை.

அங்கே ஒரு மூதாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மழைக்குச் சாமை விதைப்பது, எந்த மரத்திலே மிளகுக்கொடி ஏற்றுவது, எல்லாம் அறிந்தவர். இன்றோ, உலை வைத்ததை மறக்கிறார், பெற்ற மகனைப் பார்த்தே, "நீ யாரப்பா?" என்கிறார். ஊர் என்ன சொல்கிறது? "வயதாகிவிட்டது, தலைவிதி!" செல்வர் வீட்டிலே வந்தால் நோய், ஏழை வீட்டிலே வந்தால் விதியா?

விதி அல்ல, தோழர்களே! 1906-இலேயே ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், மறதிநோயால் வாடி மறைந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதிலே படிந்த கசடுகளையும் முறுக்கிய இழைகளையும் எடுத்துக்காட்டினார். இந்தியாவிலே 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலே அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடையே அதிகம்!

நோயை அறிவது எப்படி? "100-இலிருந்து 7, 7-ஆகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை" என்பது மருத்துவர்கள் வைக்கும் தேர்வு. எழுதுகோலையே தொடாத கை என்ன செய்யும்? அவர் தோற்றால் அது நோயா, பள்ளியை அவருக்கு மறுத்த சமுதாயத்தின் குற்றமா?

இந்தக் கேள்வியை அறிஞர்களும் கேட்டனர். மறதிநோயாளிகளில் 100-க்கு 66 பேர் வளரும் நாடுகளிலே. ஆராய்ச்சியோ 100-க்கு 10 கூட அங்கே இல்லை! அந்த அநீதியையே பெயராக்கி, '10/66' என்ற ஆய்வுக்குழு 1998-இல் பிறந்தது. சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் அது ஆய்வு நடத்தியது. படிப்பை அளவுகோலாக்காமல், வீட்டாரையும் கேட்டது: முன்போல் வேலை செய்கிறாரா? பழகிய பாதையிலே வழி தவறுகிறாரா?

முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை, மறுக்கவில்லை. ஆனால், 14 காரணங்களைக் களைந்தால் 100-க்கு 45 பேர் வரை இந்நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ ஏட்டின் அறிஞர் குழு 2024-இல் அறிவித்தது. இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, அளவுமீறிய மது, காது மந்தம், தனிமை ஆகியவை அந்தப் பட்டியலிலே உண்டு. இளமையிலே கல்வி இன்மையும் உண்டு!

எனவே, தடுமாறும் முதியவரை நகையாடாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த மூதாட்டிக்கு அன்று மறுக்கப்பட்ட பலகையும் பலப்பமும், இன்று அவர் பேத்தியின் கையிலே இருக்கட்டும். அது பள்ளிக்கூடச் சாமான் மட்டுமல்ல. 60 ஆண்டு கழித்து அவள் மூளையைக் காக்கும் மருந்து!