சொல்லில் குடியிருக்கும் தெய்வம்

ஒரு பாஷையிலுள்ளதை மற்றொரு பாஷையில் பெயர்க்கப் புகுந்தவனுக்குக் கடினமான சொற்களால் விளையும் தொல்லை சிறிது. எளிய சொற்களால் விளையும் தொல்லையே பெரிது. இயந்திர உறுப்புகளுக்கும் மருந்துச் சரக்குகளுக்கும் அகராதி உண்டு. ஆனால் தெருவில் இருவர் சந்தித்து, நலம் விசாரித்து, நன்றி கூறி, விடைபெற்றுப் பிரிகிறார்களே, அந்த நாலு வார்த்தைகளைப் பெயர்க்கச் சொன்னால் அகராதி கையை விரித்துவிடுகிறது. அவ்வார்த்தைகளில் பொருள் மட்டும் இல்லை. அவற்றை வழங்கும் ஜனங்களின் நம்பிக்கையும் அவற்றிலே குடியிருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து ருஷ்ய பாஷைக்குச் செல்லும் பாதையைச் சற்றுக் கவனிப்போம். இரண்டும் நமக்கு அயல் பாஷைகளாதலால் பட்சபாதமின்றிப் பார்க்க முடியும். பார்த்தபின், அந்தக் கண்ணாடியில் நம் முகம் எப்படித் தெரிகிறது என்பதையும் அறிந்து கொள்ளலாம்.

ஆங்கிலேயர் பிரியும்போது 'குட்பை' என்கிறார்கள். 'கடவுள் உம்மோடு இருப்பாராக' என்ற பழைய வாழ்த்து நாளடைவில் தேய்ந்து இவ்வுருவம் பெற்றது. ருஷ்யர் சாதாரணமாக 'தஸ்விதானியா' என்பர். 'மறுபடி காணும் வரையில்' என்று அர்த்தம். நெடும் பிரிவானால் 'ப்ரஷ்சாய்' என்பார்கள். அதன் வேர்ப்பொருள் 'மன்னித்துவிடு' என்பது. இனிச் சந்திப்போமோ மாட்டோமோ, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள் என்ற உருக்கம் அதில் இருக்கிறது. நாமோ 'போகிறேன்' என்று வாய் தவறியும் சொல்லோம். 'போய் வருகிறேன்' என்போம். ஒருவர் கடவுளைத் துணைக்கு விடுகிறார். ஒருவர் மன்னிப்பு வேண்டுகிறார். ஒருவர் திரும்பி வருவதாக வாக்களிக்கிறார். மூன்றும் ஒரே வாசற்படியில் நின்று சொல்லும் வார்த்தைகள்தாம். எனினும் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்பவன் திகைத்துப் போவான்.

நன்றி கூறுவதும் இவ்வாறே. ருஷ்யரின் 'ஸ்பஸீபா' என்ற சொல், 'கடவுள் காப்பாராக' என்ற வாழ்த்திலிருந்து பிறந்தது. 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அமைந்த அரசாங்கம் சமயத்தை ஒதுக்கி வைத்தது. அச்சில் கடவுள் என்னும் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதும் மரியாதை கூட நீக்கப்பட்டது. ஆயினும் ஜனங்கள் ஒருவருக்கொருவர் 'ஸ்பஸீபா' சொல்வதை நிறுத்தவில்லை. ஆபத்து நீங்கினால் 'ஸ்லாவா போகு', அதாவது 'கடவுளுக்கே மகிமை' என்று பெருமூச்சு விடுவதையும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் இட்ட பெயர் கிறிஸ்து உயிர்த்தெழுந்ததைக் குறிப்பது, அப்பெயரும் மாறவில்லை. சட்டம் கோயிலைப் பூட்டலாம். நாக்கைப் பூட்ட இயலாது.

எங்கள் தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரிகள் இறங்கும் சரிவைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். வளைவுகளைக் கடந்து சமதரைக்கு வந்ததும், 'சாமி புண்ணியம், இறங்கிவிட்டோம்' என்கிறான் லாரி ஓட்டுபவன். எந்தச் சாமி, யார் செய்த புண்ணியம் என்று அவனை விசாரணை செய்வது தகுமா? அவன் சித்தாந்தம் பேசவில்லை. நெஞ்சு லேசானதைச் சொல்கிறான். அதை ருஷ்யத்தில் பெயர்ப்பவன் புண்ணியத்துக்குப் பதம் தேடி அலைய வேண்டாம். 'ஸ்லாவா போகு' என்று எழுதினால் போதும்.

பழமொழிகளிடம் வந்தால் வேடிக்கை அதிகமாகும். வேண்டாத இடத்துக்கு வேண்டாத பொருளைக் கொண்டு செல்வதை ஆங்கிலேயர், 'நியூகாஸிலுக்குக் கரி சுமப்பது' என்பர். அது ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பெயர் பெற்றிருந்த ஊர். ருஷ்யர், 'சொந்த ஸமோவாருடன் தூலாவுக்குப் போவது' என்பர். தேநீருக்கு வெந்நீர் போடும் அந்தப் பாத்திரத்துக்குத் தூலா பெயர் பெற்ற ஊர். நம்மவர், 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்றார்கள். ஊர் மாறுகிறது, சரக்கு மாறுகிறது, பரிகாசம் ஒன்றே. இத்தகைய இடத்தில் சொல்லைப் பெயர்ப்பவன் தோற்பான். பரிகாசத்தைப் பெயர்ப்பவன் ஜயிப்பான்.

வேட்டைக்கோ பரீட்சைக்கோ புறப்படுகிறவனை ருஷ்யர், 'மென்மயிரும் கிடைக்காதிருக்கட்டும், இறகும் கிடைக்காதிருக்கட்டும்' என்று வாழ்த்துவார்கள்! அவனும் 'பிசாசிடம் போ' என்று பதில் சொல்லியாக வேண்டும். வெளிப்படையாக வாழ்த்தினால் கெட்ட சக்தியின் காதில் விழுந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்த தந்திரம் இது. இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குக் 'குப்பை' என்றும் 'பிச்சை' என்றும் பெயரிட்டு யமனை ஏமாற்றப் பார்த்தவர்கள் நம் பாட்டிமார்கள். ருஷ்யரின் வாழ்த்தை அகராதிப்படி பெயர்த்தால் அது சாபமாகிவிடும். நம் பாட்டியின் உள்ளத்தைக் கொண்டு பெயர்த்தால் சரியாக விளங்கும்.

இனி, நம்பிக்கை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'ஐ பிலீவ்' என்ற இரண்டே வார்த்தைகளால் ஆங்கிலேயர் மழை வரும் என்ற ஊகத்தையும் சொல்வார்கள். கடவுள் உண்டு என்ற உறுதியையும் சொல்வார்கள். ருஷ்யத்தில் இது செல்லாது. வெறும் ஊகமானால் 'நினைக்கிறேன்', 'கருதுகிறேன்' என்பதற்குரிய சொல் வேறு. உள்ளத்தைப் பற்றிய விஷயமானால்தான் 'வேரா' என்ற வேரிலிருந்து சொல் பிறக்கும். அவ்வேரின் முன் 'வீண்' என்ற பொருள் தரும் பகுதியைச் சேர்த்தால் அதுவே மூடநம்பிக்கைக்குப் பெயர். நம் பாஷையில் நம்பிக்கை, விசுவாசம், பக்தி, சிரத்தை என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ, 'மழை வரும் என்று நம்புகிறேன்' என்று எழுதுகிறார்கள். 'மழை வரும்போல் இருக்கிறது' என்ற நம் வீட்டுப் பேச்சு அவர்களுக்கு மறந்து வருகிறது. கருத்தைச் சொல்லவும் கடவுளைச் சொல்லவும் ஒரே சொல்லைச் செலவழித்தால், நாளைக்கு உண்மையான நம்பிக்கையைச் சொல்ல எந்தச் சொல் மிஞ்சும்?

இது வெறும் இலக்கண விவகாரமன்று என்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1908-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ருஷ்ய ஞானி டால்ஸ்டாய், தாரகநாத தாஸ் என்ற வங்க தேசபக்தருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' எனப் பெயர் பெற்ற அதில், பிறருக்கு இன்னா செய்யலாகாது என்பதற்கு நம் திருக்குறளை அவர் சான்று காட்டினார். தமிழறியாத பெரியாரிடம் வேற்று மொழி வழியாகச் சென்ற வள்ளுவர், ருஷ்யக் கடிதத்தில் அமர்ந்து, ஆங்கிலமாகி, பின்னர் காந்தியடிகளின் கையால் குஜராத்தியும் ஆனார்!

1909-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், லண்டனிலிருந்து காந்தியடிகள் அக்கடிதத்தை வெளியிட டால்ஸ்டாயிடம் அனுமதி கேட்டு எழுதினார். அதில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. மக்கள் கைவிட வேண்டியவை என்று டால்ஸ்டாய் அடுக்கிய விஷயங்களுள் மறுபிறப்பும் ஒன்று. அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கிவிடலாமா என்று அடிகள் வினயமாக வினவினார். மறுபிறப்பில் நம்பிக்கை இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களுக்கு அருமையானது. டிரான்ஸ்வால் சிறைகளில் வாடிய சத்தியாக்கிரகிகள் சிலருக்கு அதுவே ஆறுதலாக இருந்தது என்று காரணமும் காட்டினார். அந்தச் சிறைகளில் வாடியவர்களில் தமிழர் பலர். அதே ஆண்டு ஜூலையில்தான் சாமி நாகப்பன் என்ற தமிழ் இளைஞர் சிறையிலிருந்து மீண்ட சில தினங்களில் உயிர் நீத்தார். டால்ஸ்டாய் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆன்மாவின் அழியாமையிலும் கடவுளின் நீதியிலும் அன்பிலும் உள்ள நம்பிக்கையைப்போல் மறுபிறப்பு நம்பிக்கை உறுதியாக இருக்க முடியாது என்பதே தம் கருத்து என்று பதில் எழுதினார். ஆயினும் முடிவைக் காந்தியடிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

இங்கேதான் மொழிபெயர்ப்பின் தர்மம் விளங்குகிறது. தமக்கு ஒவ்வாத சொல்லைக் காதும் காதும் வைத்தாற்போல் அழித்துவிட அடிகளுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அவர் அதைச் செய்யாமல் கேட்டார். அவரும் மறைக்கவில்லை, இவரும் மழுப்பவில்லை. பிறர் நம்பிக்கையை நம் இஷ்டத்துக்குத் திருத்துவதும் களவு. நம் நம்பிக்கையை அவர் வாயில் திணிப்பதும் களவு.

பிற்காலத்தில் இவ்விரு பாஷைகளுக்கும் நேர்ப்பாதை திறந்தது. 1960-இல் பியாத்திகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்த தமிழ்-ருஷ்ய அகராதி வெளிவந்தது. 1963-இல் கிளாஸவும் கிருஷ்ணமூர்த்தியும் திருக்குறளை ருஷ்யத்தில் தந்தார்கள். அதில் 'அறம்' என்பதற்கு அவர்கள் கொண்ட சொல்லைப் பிரித்தால் 'நன்மை செய்தல்' என்று பொருள்படும். அறம் முழுவதும் அதில் அடங்கிவிடவில்லை. ஆனால் அறத்தின் உயிர் அதில் இருக்கிறது. நம் பக்கத்திலும், டி. எஸ். சொக்கலிங்கம் டால்ஸ்டாயின் பெருநாவலுக்குப் 'போரும் வாழ்வும்' என்று பெயரிட்டார். மூலத்தில் உள்ள 'மீர்' என்ற சொல்லைக் காதால் கேட்டால் 'சமாதானம்' என்றும் பொருள்படும், 'உலகம்' என்றும் பொருள்படும். 1918-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இரண்டையும் வெவ்வேறு எழுத்தால் எழுதினார்கள். டால்ஸ்டாய் எழுதியது சமாதானமே. 'வாழ்வு' என்ற தமிழ்ச் சொல்லோ இரண்டுக்கும் இடம் தந்து நிற்கிறது.

மொழிபெயர்க்க விரும்பும் இளைஞர்கள் அகராதியை வாங்கட்டும், அது அவசியம். அதற்கு முன், தம் வீட்டுப் பெரியோர் எந்த வேளையில் எந்தத் தெய்வத்தை எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்கட்டும். சொந்த வீட்டுத் தெய்வம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று அறியாதவனுக்கு அயல் வீட்டுத் தெய்வமும் அகப்படாது.