வீட்டுக் கிரானோலா: செய்வோரும் வாங்குவோரும் அறிய வேண்டியவை

ஓட்ஸ், நிலக்கடலை, பாதாம், எள், பூசணி விதை ஆகியவற்றில் எண்ணெயும் வெல்லப்பாகும் பிசிறி, மொறுமொறுவென வறுத்தெடுத்தால் கிரானோலா. பாலிலோ தயிரிலோ போட்டால் காலை உணவு. வெறுமனே கொறித்தால் நொறுக்குத்தீனி. மூன்று கப் ஓட்ஸுக்குக் கடலையும் விதைகளும் ஒரு கப், எண்ணெய் கால் கப், கெட்டிப்பாகு கால் கப் போதும். ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் சுமார் 25 நிமிடம், இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் கனத்த வாணலியும் சிறு தீயும் போதும். சூட்டில் சற்று இளகலாகத்தான் இருக்கும். ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும். திராட்சையை அப்போது சேர்த்தால் கருகாது.

வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்காற்றில் ஈரம் மிகுதி. திறந்து வைத்த கிரானோலா விரைவில் நமத்துப்போகும். அதுவாவது சுவைக் குறைதான். ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கக்கூடியது. வறுத்தாலும் முழுதாக அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையை வறுக்கும் முன்பே பொறுக்கி எறிய வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படியும் தெருக்களில் விதைகளை மொட்டைமாடியில் காயவைப்பதும் கூடாது.

உடனடி ஆபத்து ஒவ்வாமை. நிலக்கடலையும் பாதாமும் சிலருக்குச் சில நிமிடங்களிலேயே உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் வரை கொண்டுபோகும். அப்போது கைவைத்தியத்தில் நேரம் கழிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மீனவர் வீடுகளில் உலர்ந்த இறாலைக் கையாளும் தட்டிலும் முறத்திலும் கிரானோலாவைக் கொட்டினால் இறால் ஒவ்வாமை உள்ளவருக்கும் அதே ஆபத்துதான். தேன் சேர்த்ததை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரவே கூடாது. முழுக் கடலை சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் உண்ணும் வரை இது சமையல் விஷயம். காசுக்கு விற்கத் தொடங்கினால், அடுப்படியே ஆனாலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் பொருந்தும். சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு கட்டாயம். பொட்டலத்தில் உள்ள 14 இலக்க எண் 2-இல் தொடங்கினால் பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம். செய்தவரின் பெயர், முகவரி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், காலாவதி நாள், சைவக் குறி, ஒவ்வாமை தரும் பொருள்கள் ஆகியவையும் இருக்க வேண்டும்.

மக்கள் அதிகம் ஏமாறுவது 'சர்க்கரை சேர்க்காதது' என்ற வாசகத்தில். தேனோ வெல்லமோ கலந்துவிட்டு அப்படி அச்சிடுவதை 2018ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகள் ஏற்பதில்லை. நீரிழிவு உள்ளவர் அதை நம்பிக் கிண்ணம் நிறையச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இது வெறும் விளம்பரப் பிழை அல்ல, உடலுக்குச் செய்யும் தீங்கு.

சந்தேகம் இருந்தால் வாங்குபவரே பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்கிறது சட்டத்தின் 40ஆம் பிரிவு. பலருக்கும் தெரியாத உரிமை இது. வாங்கும்போதே அந்த நோக்கத்தை விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை அந்தத் துறையின் சென்னை மாவட்ட நியமன அலுவலரின் எல்லைக்குள் வரும். அத்திப்பட்டு, மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டம்.

உணவால் உடல் பாதிக்கப்பட்டால் 65ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடும் காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண் உண்டு. எந்தப் புகாருக்கும் மீதிப் பொட்டலமும் ரசீதும்தான் சான்று. கெட்டுவிட்டதே என்று அவற்றைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.